தலைமாட்டில் தண்ணீர்

பிப்ரவரி 9, ஞாயிறு

உடம்பில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று ஒரு டி.எஸ்.பி.யைப் பார்த்துக் கேட்டவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காலையில் கடைகளுக்கு இட்லி மாவு பாக்கெட் போட்டுவிட்டுத் திரும்பும்போது கல்யாண மண்டபத்து வாசலில் வரிசை நின்றது. உள்ளே மேசை, பஞ்சு, வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள், ஆளாளுக்கு விரல் நுனியில் ஒரு குத்து. மாதம் ஒருமுறை அதே மண்டபத்தில் இதே மாதிரி இலவசச் சர்க்கரைப் பரிசோதனை நடக்கும். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதிப் பாஸ் செய்தவன். வாசலில் கட்டியிருந்த பேனரைப் படித்திருக்கலாம். கண்ணாடியை மாவு மெஷின் மேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். வெறும் வயிறாக வேறு இருந்தேன். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று வரிசையில் நின்றுவிட்டேன். பெயர், அப்பா பெயர், விலாசம் கேட்டார்கள், சொன்னேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு அட்டையில் நாலு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகும் நான் ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்தேன். காட்டன் சேலை கட்டிய ஒரு அம்மா மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் என்று நினைத்து எழுந்து போனேன்.

"மேடம், சர்க்கரை எவ்வளவு இருக்கு?"

"எதுல?"

"என் ரத்தத்துலதான்."

"இது சர்க்கரை டெஸ்ட் இல்லைங்க. ஒரு பழைய கொலைக் கேசுல ஆள் தேடுறோம். உங்க பேரு லிஸ்ட்ல இருக்கா?"

பக்கத்தில் நின்ற ஏட்டு தர்மராஜ் நம்மிடம் மாவு வாங்குகிறவர். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மேடம், ஆறு ஊரு ஆம்பளைகளக் கூப்பிட்டா ஒரு பய வரமாட்டேங்குறான். கூப்பிடாத ஆளு வெறும் வயித்தோட வந்து விரலை நீட்டிருக்காரு."

எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும் என்று அட்டையை உறையில் போட்டுக்கொண்டார் டி.எஸ்.பி.

தேடுகிற ஆள் உச்சிக்காரன். நான் சிறு பிள்ளையாக இருந்தபோது அந்தப் பெயரைக் கேட்டால் மூத்திரம் வரும். 79 முதல் 82 வரைக்கும் ஆற்றுக்குத் தெற்கே கருவேலங்காட்டுப் பக்கம் ஏழு பேர் செத்தார்கள். எல்லாமே உச்சி வெயிலில், மரத்தடியில் அசந்து தூங்கியபோது, தலையில் கல்லால் ஒரு அடி. விறகு வெட்டியவர்கள், புல் அறுத்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள். யாரிடமும் எதையும் எடுக்கவில்லை. ஆளும் கடைசிவரை சிக்கவில்லை. இப்போது கோர்ட்டைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றும்போது ஒரு தகரப் பெட்டியில் பழைய துண்டு கிடைத்திருக்கிறது. செத்தவர்களில் வெள்ளச்சி என்ற பெண் அடி விழுமுன் முழித்துக்கொண்டு கதிர் அரிவாளை வீசி அவன் கையைக் கிழித்திருக்கிறாள். கையில் சுற்றிய துண்டை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். காய்ந்த ரத்தத்தை வைத்து, அப்போது அந்த ஆறு ஊரில் இருந்த ஆண்களின் வம்சத்தை எல்லாம் சோதிக்கிறார்களாம்.

காலை: ஒன்றுமில்லை (வீண்). பிறகு இட்லி ஆறு. டாக்டர் சொன்னது மூன்று. சாப்பிடுவதை எழுதி வைக்கச் சொன்னதே அவர்தான். உரக்கடையில் கொடுத்த டைரி இதற்காவது ஆகட்டும்.


பிப்ரவரி 10, திங்கள்

இட்லி மூன்று. சத்தியமாக. கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. "சர்க்கரை எவ்வளவு சோணை அண்ணே?" என்று கேட்கத்தான் பாதிப் பேர் மாவு வாங்க வருகிறார்கள்.


பிப்ரவரி 16, ஞாயிறு

மகள் பவதாரணி மதுரையிலிருந்து வந்தாள். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அப்பன் செய்த கூத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தானே என் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். 212. பிறகு அவள் சிரிக்கவில்லை.

மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு, சோறு ஒரு கிண்ணம் (பெரிய கிண்ணம்). சாப்பிட்டபின் மாவு மெஷின் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன். காலை மூன்றரைக்கு எழுகிறவனுக்கு மத்தியானத் தூக்கம் மருந்து மாதிரி. எழுந்தபோது வழக்கம்போலத் தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்.

இது அப்பா வேலை. அப்பாவுக்கு எண்பத்து நாலு. நேற்று நடந்தது மறந்துவிடும், ஆனால் பகலில் யார் கண்ணயர்ந்தாலும் சத்தமில்லாமல் வந்து தலைமாட்டில் தண்ணீர் வைப்பது மட்டும் மறக்காது. கரண்டு வேலைக்கு வந்தவன் திண்டில் சாய்ந்து தூங்கியபோது அவனுக்கும் வைத்தார். ஒருநாள் வாசலில் படுத்திருந்த நாய்க்குக்கூட வைத்தார். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி பஞ்சவர்ணம் கேட்டாள், "எதுக்கு மாமா இது?"

"முழிச்சா தாகமா இருக்கும்ல."

அவ்வளவுதான் பதில். மாமனாருக்கு என்ன மனசு என்று அவள் இன்றுவரை பக்கத்து வீடுகளில் பெருமை பேசுவாள்.

பவதாரணி சொம்புக் கதையைச் சொல்லச் சொன்னாள். நூறு தடவை கேட்டதுதான், இருந்தாலும் சொன்னேன். அப்பாவும் பெரியப்பாவும் தெற்கே ரோடு போடும் வேலையில் இருந்த காலம். ரோட்டோரம் கூடாரம், மூன்று மைல் முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்து அடுத்த மூன்று மைல். அப்பா சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளிக்குப் போனால் சில நாள் சொம்பில்லாமல் திரும்புவார். எங்கே என்றால், "மறந்துட்டேன்." ஆறு அலுமினியச் சொம்பு இப்படிப் போனது. அம்மா வெறுத்துப்போய்க் கடைசியில் ஒரு தகர டப்பாவைக் கையில் கொடுத்தாள். அப்பா அதையும் தொலைத்துவிட்டு வந்தார். "கழுவப் போனவுக சொம்பையும் சேத்துக் கழுவி விட்டுட்டு வாராக," என்று அம்மா சாகும்வரை சொல்லிச் சிரிப்பாள்.

அப்பாவும் எங்களோடு சிரித்தார். எதற்கென்று தெரியாமல்தான் சிரித்திருப்பார்.


மார்ச் 3, திங்கள்

உளுந்து சரியில்லை, மாவு பொங்கவில்லை. நானும் பொங்கக் கூடாது என்று பஞ்சவர்ணம் சொன்னாள். இட்லி இரண்டு.


மார்ச் 20, வியாழன்

டி.எஸ்.பி. மேடமும் தர்மராஜும் வீட்டுக்கு வந்தார்கள். சர்க்கரை ரிசல்ட் கொண்டு வந்தீர்களா என்று கேட்டேன். தர்மராஜ் சிரிக்கவில்லை.

"உங்க சாம்பிள் அந்தத் துண்டுல இருக்கிற ரத்தத்தோட பொருந்துது," என்றார் மேடம்.

"எனக்கு அப்ப ஒம்பது வயசு மேடம். அந்தக் கல்லை நகத்தக்கூட முடியாது."

"நீங்க இல்ல. அப்பன்கிட்டேருந்து மகனுக்கு மட்டும் போற ஒரு பகுதி இருக்கு. அது அச்சு அசலா ஒண்ணா இருக்கு. உங்க அப்பா வழி ஆம்பளை ஒருத்தர்."

தாத்தா அறுபத்தைந்தாம் வருடமே போய்விட்டார். அவருக்கு இரண்டே பிள்ளைகள். பெரியவர் சாத்தையா, கல்யாணம் ஆகாதவர், தொண்ணூற்றொன்றாம் வருடம் செத்துப்போனார். சின்னவர் என் அப்பா வயிரவன். ரோட்டு வேலைக்கு வந்து போன கூடாரக் குடும்பம் என்பதால் அந்த ஆறு ஊர் லிஸ்டில் எங்கள் பெயரே இல்லை. நானாகப் போய் விரலை நீட்டாவிட்டால் இன்னும் நூறு வருடம் தேடியிருப்பார்கள்.

மேடம் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே அப்பா வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து, உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பவதாரணிக்குப் போன் போட்டேன். அழுதாள், பிறகு விளக்கினாள். எனக்குப் புரிந்தவரை எங்கள் உறை மாவு மாதிரிதான் அது. நேற்றைய மாவில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய மாவில் விடுகிறோம், இன்றையதில் ஒரு கரண்டி நாளைக்கு. அரிசி மாறும், உளுந்து மாறும், அந்தப் புளிப்பு மாறாது.

ராத்திரி சாப்பாடு: எழுத ஒன்றுமில்லை.


மார்ச் 21, வெள்ளி

பெரியப்பாவாகத்தான் இருக்கும்.

அப்படி எழுதவும் கை கூசுகிறது. பெரியப்பாதான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டியவர். எனக்கு முதல் சிலேட்டு வாங்கித் தந்தவர். அதிகம் பேசமாட்டார். இடது கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு நீளமான வடு. ரோலரில் மாட்டிக்கொண்டது என்று சொன்னார்கள். அந்த வடுவில் விரலை ஓட்டிக்கொண்டே நான் தூங்கிப்போவேன்.

மத்தியானத்தில் கூடாரத்தில் அனல் அடிக்கும். உச்சிக்காரன் பயத்தில் அம்மா என்னை வெளியே விடமாட்டாள். பெரியப்பா மட்டும் எங்கேயோ போய்விட்டு வருவார். வந்ததும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்புகிற மாதிரிக் கூடாரத் துணிப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர் படுத்தபின் அப்பா சொம்பை எடுத்துக்கொண்டு வெளிக்குப் போவார். நானும் அம்மாவும் தாயம் விளையாடுவோம். இதைத் தவிர ஒன்றும் ஞாபகமில்லை.

பெரியப்பாவாகத்தான் இருக்க வேண்டும்.


மார்ச் 24, திங்கள்

அப்பாவிடம் மாதிரி எடுக்க வந்தார்கள். வாய்க்குள் பஞ்சுக் குச்சியை விட்டுக் கன்னத்தில் தேய்க்க வேண்டும். அப்பா மறுப்பே சொல்லவில்லை. குழந்தைக்கு மருந்து ஊற்றுவதுபோல ஆவென்று காட்டினார்.

"ஐயா, உங்க அண்ணன் கையில எப்படிக் காயம்பட்டுச்சு?" என்று மேடம் கேட்டார். வடுவைப் பற்றி நான்தான் போனில் சொல்லியிருந்தேன்.

"ரோலர்ல மாட்டிக்கிருச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

அப்பா வாசல் வெயிலைப் பார்த்தார். "வெயில்ல வந்திருக்கீகளே தாயி. செத்த படுங்க. படுத்து ஒரு தூக்கம் தூங்கிட்டுப் போங்க."

மேடம் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார். எனக்குப் பின்கழுத்தில் என்னவோ ஊர்ந்தது. பார்த்தால் உளுந்துப் பூச்சி.

ரிசல்ட் வர இரண்டு வாரமாவது ஆகும். பஞ்சவர்ணத்திடம் கேட்டேன், மாமாவை நினைத்துப் பயமாக இருக்கிறதா என்று. "நாயிக்குத் தண்ணி வைக்கிற மனுசனப் பாத்தா பயப்படணும்? நீங்கதான் மூணு நாளா அவுகளுக்குக் கத்தி குடுக்காம நீங்களே வெங்காயம் உரிக்கிறீக," என்றாள். கவனித்திருக்கிறாள்.


மார்ச் 30, ஞாயிறு

இன்று தூங்குகிற மாதிரி படுத்தேன்.

மணி பன்னிரண்டரை. பஞ்சவர்ணம் சந்தைக்குப் போயிருந்தாள். மெஷினை நிறுத்தியதும் தெருவில் ஒரு சத்தம் இல்லை. வெயில் கதவுக்கடியில் வந்து நின்றது. சுவரைப் பார்த்துப் படுத்துக் கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டேன். எதிரில் தொங்கும் எவர்சில்வர் தட்டில் அறை முழுக்கத் தெரிந்தது.

அப்பா வந்தார். காலைத் தேய்த்துத்தான் நடப்பார், வீடு முழுக்கக் கேட்கும். இப்போது சத்தமே இல்லை. முதலில் வாசற்படியில் நின்று யாரும் வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு என் தலைப்பக்கம் வந்து குனிந்தார். மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்தார். என் மூச்சு அதில் பட்டது. அதை உணர்ந்ததும் தலையை ஆட்டிக்கொண்டார். நல்லது என்கிற மாதிரி.

பிறகு டம்ளரை வைத்தார், என் வலது கைக்கு எட்டுகிற தூரத்தில். கொஞ்சம் நகர்த்தி இன்னும் பக்கத்தில் வைத்தார். அதே சத்தமில்லாத நடையில், திரும்பிப் பார்க்காமல் போனார்.

முப்பது வருடமாக இப்படித்தான் வைக்கிறாரா? நான் ஒருநாளும் முழித்திருந்து பார்த்ததில்லை. மூச்சை எதற்குப் பார்க்க வேண்டும்?

வயதானவர்கள் பார்ப்பார்கள். கைக்குழந்தைக்குக்கூடப் பார்ப்போம். பவதாரணி பிறந்தபோது நானே ராத்திரி பத்துத் தடவை பார்த்திருக்கிறேன்.

தண்ணீரைக் குடித்தேன். தண்ணீர்தான்.


ஏப்ரல் 10, வியாழன்

மேடம் போனில் கூப்பிட்டார். துண்டில் இருப்பது அப்பா ரத்தம் இல்லை. அவருடைய கூடப்பிறந்தவரின் ரத்தம், சந்தேகத்துக்கே இடமில்லை என்று லேபில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். உச்சிக்காரன் சாத்தையா. செத்து முப்பத்து நாலு வருடம் ஆகிவிட்டதால் அறிக்கையைக் கோர்ட்டில் கொடுத்துக் கேசை மூடிவிடுவார்கள்.

மாவு மெஷின் பின்னால் நின்று அழுதேன். பெரியப்பாவுக்காகவா, அப்பாவுக்காகவா என்று தெரியவில்லை. இருபது நாளாகப் பெற்ற தகப்பன் கையில் கத்தி போகாமல் பார்த்துக்கொண்ட பாவத்துக்கு, கடைத்தெருவுக்குப் போய் அவருக்கு ஒரு புதுத் துண்டு வாங்கினேன். அப்படியே எனக்கு ஜிலேபி நாலு. நாலையும் எழுதிவிட்டேன், பவதாரணி படித்தால் படிக்கட்டும்.


ஏப்ரல் 12, சனி

பேப்பரில் வந்துவிட்டது. பெரியப்பா போட்டோ இல்லாததால் மண்டபத்தின் போட்டோ. பதினோரு வீட்டில் மாவு வேண்டாம் என்றார்கள். இருபது பேர் புதிதாக வந்தார்கள், மாவுக்கு இல்லை, என் முகத்தைப் பார்க்க. வாங்காமல் போனால் மரியாதை இல்லை என்று வாங்கிப் போனார்கள்.


ஏப்ரல் 15, செவ்வாய்

சாயங்காலம் மேடம் தனியாக வந்தார். கேசை மூடுமுன் ஒரு விஷயம் கேட்க வேண்டுமாம். பஞ்சவர்ணம் காபி போடப் போனாள். அப்பா உள்ளறையில் இருந்தார். நான் மறுநாள் மாவைப் பெரிய அண்டாவில் கரைத்துக்கொண்டே பேசினேன்.

"ஒண்ணே ஒண்ணு இடிக்குது சோணைமுத்து," என்றார். "அப்ப இருந்த இன்ஸ்பெக்டர் இதைப் பேப்பருக்குச் சொல்லலை. எவனாவது நான்தான்னு வந்தா சோதிக்கிறதுக்கு வச்சிருந்தாரு. செத்த ஏழு பேர் தலைமாட்டுலயும் தண்ணி இருந்துருக்கு."

நான் கரைப்பதை நிறுத்தவில்லை.

"ஆறு இடத்துல அலுமினியச் சொம்பு. கடைசி ஆளுக்கு மட்டும் ஒரு தகர டப்பா. அடிச்சுப் போட்டவன் எதுக்குத் தண்ணி வைக்கணும்? உங்க பெரியப்பாவுக்கு அப்படி ஏதும் பழக்கம் உண்டா?"

"இல்ல மேடம்."

"அஞ்சாவதா செத்தது வெள்ளச்சி, அரிவாளால கிழிச்சாளே, அவதான். அவ சொம்பு மட்டும் காலியா இருந்துருக்கு. ஆடு குடிச்சிருக்கும்னு எழுதியிருக்காங்க. ஆடு குடிச்சா உருண்டு கிடக்கும். இது நிமிந்து இருந்துச்சு, அவ கை அதைப் பிடிச்சிருந்துச்சு. ஊர்க்காரங்க போய்ப் பாத்தது மறுநாள் காலையில."

அந்த நேரம் பார்த்துப் பஞ்சவர்ணம் காபியோடு வந்தாள். அவள் காதில் கடைசிப் பேச்சுத்தான் விழுந்திருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு. "என்ன மேடம், சொம்புக் கதையா? அதுக்குள்ள இவுக சொல்லிட்டாகளா? எங்க மாமா ரோடு போட்ட காலத்துல…"

கால் இடறி அண்டாவோடு விழுந்தேன்.

அப்படித்தான் எழுதப்போகிறேன். முப்பது லிட்டர் மாவு. மேடத்தின் செருப்பு, காபி டம்ளர், பஞ்சவர்ணத்தின் சேலை, வாசற்படி வரைக்கும் வெள்ளை. நான் நடுவில் ஊத்தப்பம் மாதிரிக் கிடந்தேன். பஞ்சவர்ணம் என் பரம்பரையை எல்லாம் இழுத்துத் திட்டினாள், இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாமே என்று எனக்குத் தோன்றியது. மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க என்கிட்ட முதல்ல சர்க்கரை கேட்டப்பவே நினைச்சேன்," என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் போனார். சொம்பு எல்லோருக்கும் மறந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். உள்ளறை வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் டம்ளர். யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்று வந்திருக்கிறார்.


ஏப்ரல் 16, புதன்

மாவு இல்லை, கடை இல்லை. பஞ்சவர்ணத்திடம், இனிமேல் சொம்புக் கதையை யாரிடமும் சொல்லாதே என்றேன். ஏன் என்றாள். "பழசாயிருச்சு," என்றேன்.


ஏப்ரல் 18, வெள்ளி

மத்தியானம் அப்பாவுக்குச் சோறு பிசைந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"அப்பா, ரோடு போட்டப்ப ஏகப்பட்ட சொம்பத் தொலைச்சீகளே."

"தொலைக்கலப்பா. வச்சேன்."

"யாருக்கு?"

"படுத்திருந்தாகள்ல."

"செத்தவுகளுக்கா?"

அப்பா என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "செத்தவுகளுக்கு எதுக்குடா தண்ணி? மூச்சு இருந்தாத்தான் வைக்கிறது. முழிச்சா தாகமா இருக்கும்ல."

ஆறு சொம்பு, ஒரு டப்பா. நான் மனதில் எண்ணிக்கொண்டேன். அவர் சோற்றை மென்றுகொண்டிருந்தார்.

"முழிச்சாகளாப்பா?"

"நான் திரும்பிப் பாக்கலையே. யார்ட்டயாவது சொன்னா அண்ணனப் பிடிச்சிட்டுப் போயிருவாக." இன்னொரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "அண்ணன்தான என்னைய வளத்துச்சு," என்றார்.

பிறகு மோர் கேட்டார். கொடுத்தேன்.

மேடத்தின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் என்ன நடக்கும்? எண்பத்து நாலு வயதில் ஜீப்பில் ஏற்றுவார்கள். ஏன் ஏற்றுகிறார்கள் என்று அவருக்கு மறந்துபோயிருக்கும். சொல்லாவிட்டால்? அவர் ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் ஏழு பேரில் எத்தனை பேர் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்தக் கணக்கை எந்த லேபில் கொடுத்தும் பார்க்க முடியாது. துண்டில் ரத்தம் சிந்தியவன் அகப்படுவான். தண்ணீர் வைத்தவன் எதைச் சிந்தினான்?

போனை அணைத்துவிட்டேன். சர்க்கரை 260. ஜிலேபி சாப்பிடாமலே.


ஏப்ரல் 20, ஞாயிறு

பவதாரணி வந்தாள். மத்தியானம் தாத்தா பக்கத்தில் படுத்துத் தூங்கினாள். நான் தூங்கவில்லை. அவள் தலைமாட்டில் டம்ளர் வந்ததும் அதை எடுத்து நானே குடித்துவிட்டேன்.


ஏப்ரல் 24, வியாழன்

பன்னிரண்டு மணி வெயிலில் ஒரு அம்மா வந்து வாசலில் நின்றார். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கருத்த ஒடிசலான உடம்பு, கையில் ஒரு மஞ்சள் பை. "மாவுக்கார சோணைமுத்து வீடு இதுதானா தம்பி?"

"ஆமாக்கா. எத்தனை பாக்கெட்?"

"நான் ராக்கு. வெள்ளச்சி மக."

கையிலிருந்த மாவுக் கரண்டியைக் கீழே வைத்தேன். வைய வந்திருக்கிறார், மண்ணை வாரித் தூற்ற வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஒன்னையப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். நீயாப் போயி ரத்தம் குடுத்தியாம்ல. ஏட்டய்யா சொன்னாரு. நீ குடுக்கலன்னா எங்காத்தாளக் கொன்னது யாருன்னு தெரியாமலே நானும் போய்ச் சேந்திருப்பேன். நல்லா இருப்ப தம்பி."

"அக்கா, அது நான் சர்க்கரைக்குன்னு நெனச்சு…"

"அதையும் சொன்னாரு." லேசாகச் சிரித்தார். பல் வரிசை அழகாக இருந்தது. அவருடைய அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றியது.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து சத்தமில்லாமல் ஒரு கை நீண்டது. அப்பா. ராக்கு அக்காவின் வலது கைக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்தார். கொஞ்சம் நகர்த்தி இன்னும் பக்கத்தில் வைத்தார்.

"வெயில்ல வந்திருக்க தாயி. குடி."

ராக்கு அக்கா அவரை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டார். "நல்லா இருங்கய்யா." ஒரே மூச்சில் குடித்தார். அப்பா அங்கேயே நின்று, அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொட்டுவரைக்கும். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. பிறகு உள்ளே போய்விட்டார்.

ராக்கு அக்கா காலி டம்ளரை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அப்பப் பதிமூணு வயசு. ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு, அதுவும் செத்துப்போச்சு. அதுல எனக்கு இனி ஒண்ணுமில்ல தம்பி. ஒண்ணுதான் இன்னமும் நெஞ்சுல நிக்கிது. மறுநா காலையிலதான் ஆளுக போயிப் பாத்தாக. அதுவரைக்கும் உசுரோட கெடந்தாளோ என்னமோ. அந்த வெயில்ல, ஒரு வாய் தண்ணிக்குத் தவிச்சிருப்பாள்ல. குடுக்க ஒரு மனுசப்பய இல்லாமப் போயிருச்சே. நாப்பத்து நாலு வருசமா ஒவ்வொரு தடவ தண்ணி குடிக்கிறப்பவும் அதே நெனப்புத்தான். தவிச்ச வாயோட போனாளேன்னு."

உள்ளறையில் அப்பா இருமினார். பஞ்சவர்ணம் மெஷினைப் போட்டாள். நான் ராக்கு அக்காவின் கையிலிருந்த டம்ளரை வாங்கினேன்.

"இன்னொரு டம்ளர் கொண்டாரவாக்கா?" என்று கேட்டேன்.

போதும் என்றார். மூன்று பாக்கெட் மாவு பையில் போட்டுக் கொடுத்தேன், பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். இட்லி இரண்டு, மத்தியானம் சோறு இறங்கவில்லை. இதோ எழுதுகிறேன், அவரிடம் சொல்லாததை:

குடிச்சாகக்கா. உங்க ஆத்தா தண்ணி குடிச்சாக. சொம்பு காலியா இருந்துச்சு.